சந்துக்குக் காசு யார் கொடுப்பது?

இம்மாதத் தலையங்கத்துக்குப் பெரிய அரசியல் பொருள்கள் இல்லாமல் இல்லை. எனினும் நாம் சந்துத் தரையைப் பற்றி எழுதுகிறோம். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும், செம்பூரிலும் மான்குர்டிலும், நம் மக்கள் குடியிருக்கும் எந்தக் கல்லிக்குள் நுழைந்தாலும் ஒரே வாக்குவாதம்தான் காதில் விழுகிறது. தரை பெயர்ந்து கிடக்கிறது. கட்டர் மூடி உடைந்து கிடக்கிறது. மழைக்கு முன் செப்பனிட்டாக வேண்டும். ஆகும் காசை யார் கொடுப்பது? "வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு நாமே முடித்துவிடலாம்" என்கிறார் ஒருவர். "மாநகராட்சி எதற்கு இருக்கிறது? ஒரு பைசா தரமாட்டேன்" என்கிறார் இன்னொருவர். "நகரசேவகரைப் போய்ப் பார்ப்போம், ஒரு சால்வை போர்த்தினால் வேலை நடந்துவிடும்" என்கிறார் மூன்றாமவர். மூவரும் நம்மவர்கள்தாம். மூவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டதால் தரை மட்டும் அப்படியே கிடக்கிறது.

சின்ன விஷயம், இதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்கும் தோழர்கள், விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தத் தரையில் நடக்கும் தாய்மாரைக் கேட்டுப் பார்க்கட்டும். இரவு ஷிப்டு முடித்து இருட்டில் வரும் தொழிலாளியைக் கேட்கட்டும். மேம்பாலம் கட்டுகிறவனும் மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிறவனும் நம்மவன். அவன் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குத் தெரியாமல் போடுகிற சண்டைதான் பாதி. ஒரு சந்து 200 அடி நீளம், 6 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் 400 கன அடி. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் 100 கன அடிக்கு 18 மூட்டை சிமெண்டு பிடிக்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வாய்ப்பாடு. ஆக 72 மூட்டை. பத்தடி முகப்புள்ள வீடுகள் இருபுறமும் இருபது இருபதாக நாற்பது வீடுகள் என்றால், வீட்டுக்கு இரண்டு மூட்டைகூட இல்லை. இதனால்தான் "நாமே போட்டுவிடலாம்" என்பவருக்குத் துணிச்சல் வருகிறது. ஆனால் மணலும் ஜல்லியும் கூலியும் இந்தக் கணக்கில் இல்லை. குழாய் மாற்றும் செலவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய தரையை உடைத்து அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டும் செலவு இல்லை.

இந்தக் கடைசிச் செலவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மும்பைச் சந்துகளைக் கெடுத்ததே இதுதான். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தக்காரர் பழைய தரையை உடைப்பதில்லை. அதன் மேலேயே நான்கு அங்குலம் பூசிவிட்டுப் போகிறார். உடைத்தால் இடிசலை வண்டி வைத்து அப்புறப்படுத்த வேண்டுமல்லவா? மூன்று தடவை இப்படிப் பூசினால் ஓரடி. முன்பு வாசலிலிருந்து இரண்டு படி இறங்கித் தெருவுக்கு வந்தவர்கள், இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகிறார்கள். மழை பெய்தால் தண்ணீரும் அதே வழியில் இறங்குகிறது. பணம் உள்ளவர் வீட்டுத் தரையைத் தூக்கிக் கட்டிக்கொள்கிறார். அதனால் கூரை தலையில் இடிக்க, மேலே ஒரு தளம் எழுப்புகிறார். பணமில்லாதவர் கட்டிலுக்குச் செங்கல் கொடுக்கிறார். சந்து போட்டதற்குப் பாராட்டு விழா நடந்த பல இடங்களில், போட்ட சந்தால்தான் வீடுகள் மூழ்கின. ஆகவே யார் காசில் போட்டாலும் சரி, பழையதை உடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது செலவைக் கூட்டும். கூட்டட்டும்.

இனி நாமே வரி போட்டுக்கொள்ளும் யோசனை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நமக்கு இது புதிதல்ல. ஊரில் அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். வியாபாரிகள் மகமை பிடித்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டினார்கள். இங்கே வந்த பின்னும் சீட்டுப் பிடித்தும் சங்கம் வைத்தும்தான் ஈமச் செலவையும் கல்யாணச் செலவையும் சமாளிக்கிறோம். ஊர் கூடித் தேர் இழுப்பது நம் இரத்தத்தில் உள்ளது. இதை ஏளனம் செய்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம்.

ஆனால் தலைக்கட்டு வரியின் இன்னொரு முகமும் நமக்குத் தெரியும். பத்து ஏக்கர் நஞ்சை உள்ளவருக்கும் ஒரு தலைக்கட்டு, கூலிக்குப் போகிறவருக்கும் ஒரு தலைக்கட்டு. கொடுக்க முடியாதவன் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும். வரியே வாங்க மறுக்கப்பட்ட தெருக்களும் இருந்தன. வாங்கினால் மரியாதை கொடுக்க வேண்டி வரும் என்பதால். குடிமராமத்தைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிறோம். ஏரிக் கரையில் மண்வெட்டி பிடித்தவர் யார், கரையில் நின்று மேற்பார்வை பார்த்தவர் யார் என்று கேட்பதில்லை. அந்த வழக்கத்தை எடுத்துத்தான் வெள்ளையர் ஆட்சி 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டமாக ஆக்கியது. எனவே "எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்ற சொல் எங்கே கேட்டாலும், அந்த "எல்லோரும்" யார் யார் என்று கேட்டுவிடுவது நல்லது.

மும்பைச் சந்தில் இந்தக் கேள்வி வாடகைக்காரர் வடிவில் வந்து நிற்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தில், டெபாசிட் கொடுத்து, மாடி அறையில் குடியிருக்கும் குடும்பத்திடம் போய் "வீட்டுக்கு இவ்வளவு" என்று கேட்பது என்ன நியாயம்? பத்தாண்டு உழைக்கக்கூடிய தரைக்கு, பதினோராவது மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாதவர் காசு கொடுப்பதா? கொடுத்தாலும், தரை நன்றாகிவிட்டது என்று சொல்லி அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றுவார் வீட்டுக்காரர். ஒரே தரைக்கு இரண்டு முறை காசு. வீட்டுக்காரரோ பல இடங்களில் சந்திலேயே இல்லை. சொந்த ஊரில் இருந்துகொண்டு மாதாமாதம் வாடகை வாங்குகிறார். இவரும் நம்மவர்தான், சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்தான் என்பதால் பேசக் கூச்சப்படுகிறோம். கூச்சம் வேண்டாம். தரை போடும் செலவு வீட்டின் உடைமைக்காரர் தலையில்தான் விழ வேண்டும், அதுவும் அவர் வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளின் எண்ணிக்கைப்படி. வாடகைக்காரர், பிற்பாடு கட்டர் சுத்தம் செய்யும் சிறு மாதச் செலவில் பங்கு கொள்ளலாம்.

கீழ்த்தளத்தில் பட்டறையும் கிடங்கும் வைத்திருப்பவர்கள் கதை வேறு. மூட்டை ஏற்றிய கைவண்டி நாள் முழுதும் ஓடுவதால்தான் தரை பெயர்கிறது. இட்லி அண்டாவால் பெயர்வதில்லை. அவர்கள் இரண்டு பங்கோ மூன்று பங்கோ கொடுப்பதுதான் முறை. "நாங்கள்தான் சந்துப் பையன்களுக்கு வேலை கொடுக்கிறோம்" என்பார்கள். வேலை கொடுப்பதற்குப் பதிலாக வேலை வாங்குகிறார்கள் அல்லவா?

சரி, மாநகராட்சி. தெருக்களை அமைப்பதும் பராமரிப்பதும் கழிவுநீர் வடிகாலும் மும்பை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகள் என்று 1888ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளுக்கென வகுத்த பதினெட்டுப் பொறுப்புகளில் சாலையும் உண்டு, குடிசைப் பகுதி மேம்பாடும் உண்டு. இந்த மாநகராட்சி ஏழையும் அல்ல. 2025-26ஆம் ஆண்டு அதன் வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். பல மாநிலங்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடும். 2023 ஜனவரியில் சுமார் 6,000 கோடி ரூபாய் மதிப்பில், சுமார் 400 கிலோமீட்டர் சாலைகளுக்குக் கான்கிரீட் போடும் வேலையைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டம் 6 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகளுக்கானது. 6 அடி அகலச் சந்தில் வாழ்கிறவன் அந்தக் கணக்கில் எங்கே வருவான்?

அதிகாரிகளிடம் போனால் வேறொரு பாட்டு. இது பொதுத் தெருவே அல்ல, தனியார் தெரு. அல்லது மாநில அரசு நிலம். அல்லது ரெயில்வே நிலம். அல்லது குடிசை மேம்பாட்டு வாரியத்தைப் பாருங்கள் என்று விரட்டுவார்கள். ஆனால் வரி என்று வரும்போது நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. குடிசைப் பகுதிகளில் உள்ள கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சொத்து வரி விதிக்கப்போவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவித்தார்கள். வசூலிக்க வரும்போது நகரத்தின் குடிமக்கள், தரை கேட்கப் போகும்போது ஆக்கிரமிப்பாளர்கள். "ஒரு பைசா தரமாட்டேன்" என்கிற தோழரின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. அந்தக் கோபத்தில் நமக்கும் பங்குண்டு.

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்வோம். கோபப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் போதாது, பத்து ரூபாய் செலவழிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் வார்டு அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, கடந்த ஐந்தாண்டுகளில் நம் சந்துக்கு என்னென்ன வேலை ஒதுக்கப்பட்டது, எவ்வளவு தொகை, ஒப்பந்தக்காரர் யார், பொறியாளரின் அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது, குறைகளை ஒப்பந்தக்காரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். காகிதத்தில் ஏற்கெனவே போட்டு முடித்த தரைக்கு நாம் மறுபடி காசு வசூலிக்கிறோமா என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால், வரியும் வேண்டாம், நகரசேவகரும் வேண்டாம். அவரையே கூப்பிட்டுச் செப்பனிடச் சொல்லலாம்.

மூன்றாவது வழி, தலைவர்களின் நிதி. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993இல் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கேட்க மலைப்பாக இருக்கும். மும்பையில் ஒரு மக்களவைத் தொகுதிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. ஆகவே யாருக்குக் கிடைக்கிறது என்பது யார் நெருக்கமானவர் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் அந்த நிதியையே நிறுத்திவிட்டு, 2021 நவம்பரில்தான் திரும்பத் தந்தார்கள். நகரசேவகர் நிதியின் கதை இன்னும் விசித்திரம். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மும்பைக்கு நகரசேவகரே கிடையாது! சால்வையை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பழைய நகரசேவகர்களின் வீட்டு வாசலில் நின்றதுதான் மிச்சம்.

நிதி கிடைத்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நம் பணம். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் பகுதிகளுக்கு என்று விதியே உண்டு. அதை உரிமையாகக் கேட்க வேண்டியவர்கள் நாம். கையேந்திக் கேட்கிறோம் என்பதுதான் வருத்தம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர், சந்து முனையில் தம் படம் போட்ட பலகையை வைக்கிறார். தரை இரண்டு மழையில் பெயர்கிறது. பலகை மட்டும் துருப்பிடிக்காமல் நிற்கிறது. பலகைக்கு நல்ல இரும்பு வாங்குகிறார்கள்.

வெளியூர் அனுபவம் ஒன்றிரண்டைப் பார்ப்போம். ஆமதாபாத்தில் மில் வேலைக்குப் போய்க் குடியேறிய நம் தமிழர்கள் ஏராளம். அந்த நகரத்தின் மாநகராட்சி 1995இல் குடிசைப் பகுதிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. தெருத்தரை, வீட்டுக்கு வீடு குடிநீர், கழிவுநீர் இணைப்பு, தெருவிளக்கு எல்லாம் சேர்த்து, குடும்பத்துக்கு 2,000 ரூபாய் பங்கு. கையில் இல்லாதவர்களுக்கு சேவா பெண்கள் வங்கி கடன் கொடுத்தது. காசு கொடுத்ததற்குப் பதிலாக மக்கள் ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள்: பத்தாண்டுகளுக்கு வெளியேற்றமாட்டோம் என்று மாநகராட்சியின் உறுதி. இந்த இடத்தைத் தோழர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். அவர்கள் 2,000 ரூபாய்க்குத் தரை மட்டும் வாங்கவில்லை.

கராச்சியில் ஓரங்கி என்ற பெரிய குடியிருப்பு. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய முயற்சியில், இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தன் கழிவுநீர்க் குழாயைத் தானே காசு போட்டுப் பதித்துக்கொண்டது. இடையில் ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சந்துக்கு வெளியே ஓடும் பெரிய வடிகால் அரசின் வேலை என்று கோடு கிழித்துவிட்டார்கள். உள்ளே இருப்பது நம்முடையது, வெளியே இருப்பது உங்களுடையது. வெளி வடிகால் இல்லாத இடத்தில் உள்ளே எவ்வளவு நேர்த்தியாகப் பதித்தாலும் சாக்கடை திரும்பி வந்துவிடும். நம் சந்துகளிலும் இதே நிலைமைதான். மேட்டுச் சந்துக்காரர் தரையைச் சீராக்கிச் சரிவு கொடுத்தால் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துச் சந்துக்கு. அங்கே யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பெரும்பாலும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரு சந்து மட்டும் தனியாகத் தரை போட்டுக்கொள்வது பக்கத்துச் சந்தை மூழ்கடிப்பதாகவும் முடியலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. நிலமே நம்முடையது இல்லை, தரை எதற்கு? டெல்லி ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப், நம் தமிழர்கள் ஏறத்தாழ அறுபதாண்டு வாழ்ந்த இடம். பாராபுல்லா வடிகாலை அகலப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் முதல் தேதி இடித்துத் தள்ளினார்கள். சுமார் 370 வீடுகள். பாதிப் பேருக்குத்தான் மாற்று வீட்டுத் தகுதி, அதுவும் எங்கோ நரேலாவில். அவர்களும் வாசலுக்குச் சிமெண்டு பூசி வாழ்ந்தவர்கள்தாம். தாராவியிலோ மறுசீரமைப்பு என்று 2004இல் பேச ஆரம்பித்தார்கள். 2022இல் அதானி நிறுவனம் 5,069 கோடிக்கு ஏலம் எடுத்தது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. "எப்படியும் இடிக்கப் போகிறார்கள்" என்ற பேச்சிலேயே இருபதாண்டுக்கு மேல் போய்விட்டது. 2004இல் பிறந்த பிள்ளை அந்தச் சேற்றில் நடந்தே பள்ளிக்கூடம் போய், படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டான். இடிக்கும் நாள்வரை சேற்றில் கிடங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதே சமயம், இடித்துவிட்டால் காசும் போய்விடும் என்று அஞ்சுகிற விதவைத் தாயைக் கோழை என்று ஏசவும் நமக்கு உரிமையில்லை.

எனவே நம் கருத்து இது. வெளி வடிகால், பழைய தரையை உடைத்து அள்ளுவது, குடிநீர்க் குழாயை மாற்றுவது, இவை மாநகராட்சியின் வேலை. ஒரு பைசாவும் நாம் கொடுக்கக் கூடாது. சந்தின் உள் தரைக்கு நாம் பங்கு கொடுக்கலாம். ஆனால் வெளி வேலைக்கு வார்டு அலுவலகம் எழுத்து மூலம் ஒப்புதல் தந்த பிறகே. அதற்கு முன் கொடுத்தால் நம் காசில் அவர்கள் கடமையிலிருந்து நழுவுவார்கள். சொந்த மாநிலத்தில் "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே நமக்கு அப்படி எழுதித் தர ஆளில்லை. கேட்டு வாங்கும்வரை பணம் வங்கியில் இருக்கட்டும். மூவர் கையெழுத்தில், மூவரில் ஒருவர் பெண்ணாக. வசூலும் செலவும் வாரந்தோறும் சந்துச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதப்படட்டும். கொடைக் கணக்குக் கேட்டால் சாமி குத்தம் என்று வாயடைப்பது போல இங்கே நடக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து இலவசமாக வேலை செய்யலாம் என்ற யோசனை சில கிளைகளிலிருந்து வந்திருக்கிறது. நாம் இதை ஏற்கவில்லை. வாரம் ஆறு நாள் கலவை சுமப்பவனிடம் ஏழாவது நாளும் சுமக்கச் சொல்வதும், ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு செங்கல்லைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. சந்திலேயே கொத்தனாரும் சித்தாளும் இருக்கிறார்கள். அவர்களுக்கே வேலை கொடுங்கள், கூலியும் கொடுங்கள். வேலையில்லாத குடும்பங்களிடமும் ஆதரவற்றவர்களிடமும் பங்கு கேட்க வேண்டாம். நாற்பது வீட்டில் ஐந்து வீட்டுப் பங்கை மற்றவர்கள் சுமந்தால் ஆளுக்குக் கால் மூட்டை சிமெண்டு கூடும், அவ்வளவுதான்.

மாதிரி மனுவும் தகவல் உரிமை விண்ணப்பமும் தமிழிலும் மராத்தியிலும் சங்க அலுவலகத்தில் கிடைக்கும். கிளைச் செயலாளர்கள் தத்தம் சந்தின் நீள அகலத்தை நாடா பிடித்து அளந்து, எந்த வீட்டு வாசல் எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். பள்ளத்துச் சந்துக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மழை பொதுவாக ஜூன் இரண்டாம் வாரம் இறங்கிவிடும். தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வர முப்பது நாள் ஆகும். எனவே விண்ணப்பம் முதலில் போகட்டும், வசூல் பேச்சு அதன் பிறகு.